எல்லாருக்கும் இருபது நிமிடம்

அலுவலகத்தில் அவளுக்குக் குடைச்சல் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் குடைச்சல். இது அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஏனென்றால் அந்த இரண்டு அறைகளில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பென்சில்கூட இடம் மாறியதில்லை. பெயரைக் கேட்டு அவள் கோபப்படவும் இல்லை. குடைந்து பார்க்காதவன் எல்லாம் புரோகிராம் எழுத வந்தால் நாடு எங்கே உருப்படும் என்பது அவள் கட்சி.

நாற்பத்தாறு வயது. எதன் மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்ப மாட்டாள். மருந்துப் பெட்டியில் பத்து மாத்திரை என்று அச்சடித்திருந்தால் பெட்டியைத் திறந்து எண்ணுவாள். கதவில் "மூடப்பட்டுள்ளது" என்று பலகை தொங்கினால் கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ பள்ளிக்கூட ஆய்வகத்தின் பொறுப்பாளர். இருபத்தெட்டு வருடமாகப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிப் பழகிய கை. வீட்டிலும் உப்பு, சர்க்கரை, மாவு என்று எல்லா டப்பாவுக்கும் அழகான கையெழுத்தில் சீட்டு எழுதித் தேதியும் போட்டு ஒட்டி வைத்திருப்பார். அவள் அத்தனை டப்பாவையும் திறந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"மேல எழுதியிருக்கே, படிச்சா போதாதா?" என்பார் அவர், மனம் நொந்துபோய்.

"எழுதினது என்னைக்கோ. உள்ள இருக்கறது இன்னைக்கு. எது முக்கியம்?"

ஒரே ஒருமுறை, மாவு டப்பாவில் சோப்புத்தூள் இருந்த அன்றைக்கு, அவள் பக்கம் நியாயம் இருந்தது. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டிவிட்டாள்.

வேலையிலும் அதே கதைதான். கண்ணாடி வெட்டும் கடையின் மாடியில் இருந்தது கம்பெனி. சின்ன மருத்துவமனைகளுக்கு முன்பதிவு எழுதும் மென்பொருள் செய்து கொடுப்பார்கள். நாள் முழுக்கக் கீழே கண்ணாடி அறுக்கும் சத்தம் கேட்கும், கேட்கும்போதெல்லாம் பல் கூசும். மூன்று வாரமாக அவளுக்கு வலது பக்கக் கடைவாய்ப்பல் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. அதற்கும் கண்ணாடிக் கடைக்காரர்தான் காரணம் என்று பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் திறந்து பார்ப்பவள், தன் வாயைத் திறந்து கண்ணாடியில் பார்க்க மட்டும் துணியவில்லை. பல் மருத்துவர் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். இதில் வேடிக்கை, கம்பெனியின் மிகப் பழைய வாடிக்கையாளரே ஒரு பல் மருத்துவர்தான். எட்டு வருடமாக அவருடைய மருத்துவமனைக்குப் போய்க் கணினியைச் சரிசெய்துவிட்டு வருகிறாள். அந்தச் சாய்வு நாற்காலி இருக்கும் அறைப் பக்கம் ஒரு நாளும் தலைகாட்டியதில்லை.

அந்த மருத்துவருக்குத்தான் திடீரென்று ஒரு யோசனை வந்தது. நோயாளிகளைப் பற்றி நம் கணினி என்னவெல்லாம் வைத்திருக்கிறதோ, அதையெல்லாம் ஒரு சீட்டாக்கி அவரவர் போனுக்கே அனுப்பிவிட வேண்டும். ஒளிவு மறைவே கூடாது. முதலாளி உடனே தலையாட்டிவிட்டு அவள் மேசைக்கு வந்தார்.

"அக்கா, நோயாளி பத்தி என்னென்ன விவரம் வச்சிருக்கோம்னு ஒரு பட்டியல் இருக்குமே. அதைப் பாத்து எழுதிடுங்க. அரை நாள் வேலை."

"பட்டியல் எழுதினது யாரு?"

"மீசை."

மீசை என்பவர் அவளுக்கு முன்னால் அங்கே இருந்த புரோகிராமர். மருத்துவமனை மென்பொருளை முதலில் எழுதியவர் அவர்தான். எழுதி முடித்த கையோடு வேறு வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போய்விட்டார்.

"அவர் போய் எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எத்தனை சேந்துச்சோ, எத்தனை போச்சோ. பட்டியலை யார் நம்புவா? நான் அதுங்களையே கேட்டுக்கறேன்."

அதுங்கள் என்று அவள் சொன்னது கணினிக்குள் இருக்கும் நோயாளிகளை. அந்த மென்பொருளில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், வயது, எந்தப் பல்லில் என்ன கோளாறு என்று தனித்தனிப் பண்புகள் உண்டு. இந்தப் பொருள்கள் எல்லாம் நோயாளி என்ற ஒரே கிளாஸிலிருந்து, அதாவது ஒரே அச்சிலிருந்து, பிறந்தவை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பொருளையும் நிறுத்தி வைத்து, "உன்னிடம் என்னென்ன இருக்கிறது, எடுத்துக் காட்டு" என்று கேட்கலாம். அது ஒன்று விடாமல் ஒப்பிக்கும். மற்ற புரோகிராமர்கள் எப்போதாவது பிழை தேடும்போது இதைச் செய்வார்கள். அவளோ எழுந்ததும் பல் தேய்ப்பதுபோல் தினமும் செய்வாள். புட்டியின் சீட்டைப் படிப்பதற்கும் மூடியைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

எழுதினாள். பத்தே வரி. நோயாளியைக் கேள், சொல்வதை எல்லாம் சீட்டில் அடி. ஓட்டிப் பார்த்தால் மருத்துவமனையின் பெயரும் தொலைபேசி எண்ணும் சீட்டில் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. எல்லாருக்கும் பொதுவான விவரங்களை ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாக வைக்க மாட்டார்கள். மேலே கிளாஸிலேயே ஒருமுறை வைத்துவிடுவார்கள். அவள் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்துக் கூடத்து ஆணியில் ஒரே ஒரு குடை தொங்கும். அவளைக் கேட்டாலும் குடை இருக்கிறது என்பாள், கணவரைக் கேட்டாலும் இருக்கிறது என்பார், மகளைக் கேட்டாலும் அப்படித்தான். ஆனால் யார் அலமாரியைத் திறந்தாலும் குடை இருக்காது. அது ஆணியின் குடை. அதுபோலத்தான் இதுவும். அவள் முதலில் அலமாரிகளை மட்டும் பார்த்திருந்தாள். சரி, கூடத்து ஆணியையும் பார் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். பெயர் வந்தது, எண் வந்தது. நாலு சீட்டின் தலைப்பை மட்டும் சரிபார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் அனுப்பினாள்.

தலைப்பை மட்டும் பார்த்தாள், அடிப்பகுதியைப் பார்க்கவில்லை. மாத்திரையை எண்ணுகிறவள் இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், அன்றைக்குப் பல் அந்தப் போடு போட்டுக்கொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

சீட்டின் கடைசி வரி இப்படி இருந்தது: "கூடுதல் பேச்சு: 20 நிமிடம்."

பத்து மணிக்குள் ஊரே கொதித்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத்தான் பேசாதே என்று அதட்டியிருக்கிறேன், என்னை வாயாடி என்று எழுத உங்களுக்கு என்ன துணிச்சல் என்று போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போலக் கேட்டார். ஒரு வீட்டில் மனைவியின் சீட்டை மட்டும் பார்த்த கணவர், "கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சுபோச்சு பாரு" என்று சிரித்திருக்கிறார். பிறகு அவர் சீட்டும் வந்தது. இன்னும் பேசவே ஆரம்பிக்காத ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் இருபது நிமிடம். உச்சகட்டமாக, தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாத, சின்னப் பலகையில் எழுதிக் காட்டியே காலம் தள்ளுகிற பெரியவர் ஒருவர், நேரிலேயே வந்து வரவேற்பு மேசை முன்னால் நின்று பலகையைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்: "நானா?"

பகல் இரண்டு மணிக்கு முதலாளியும் அவளும் மருத்துவமனையில் இருந்தார்கள். மருத்துவர் நல்ல உயரம், வெளுத்த தலை, மூக்குக்கண்ணாடி நெற்றியில். சாதாரணமாக அவர் பேசினால் தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்துத் தலைமுறைக் கதையில் முடிப்பார். அன்றைக்கு நாலே வாக்கியம்தான் வந்தது.

"இது யார் செஞ்ச வேலை? என் நோயாளிகளை வாயாடின்னு எழுத யாருக்குத் தைரியம்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சதும் அந்த ஆள் இங்க இருக்கக் கூடாது."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான் டாக்டர். நான்தான் போடச் சொன்னேன்."

சொன்னது டோக்கனம்மா. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் அந்தப் பெயர். பதினாலு வருடமாக அங்கே இருக்கிறார். யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எந்தப் பல் என்பதெல்லாம் கணினியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மருத்துவர் அவரை நம்ப முடியாமல் பார்த்தார்.

"நீங்களா? ஏம்மா?"

டோக்கனம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"காரணம் சொல்லுங்க. இல்லன்னா சனிக்கிழமையோட நின்னுக்கங்க."

"சரிங்க டாக்டர்," என்றார் டோக்கனம்மா. அவ்வளவுதான்.

அந்த வரியைப் போட்டது குடைச்சல் இல்லை, சரி. ஆனால் எட்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்ததைத் தோண்டி எடுத்து ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவள்தானே. தான் திறந்த டப்பாவால் இன்னொருவர் வேலை போகிறது என்பது அவளுக்கு இதுவரை நேராத விஷயம். அன்று மாலை வீட்டில் ஒரு டப்பாவையும் திறக்கவில்லை. கணவர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் குடைய ஆரம்பித்தாள். முதலில் அந்த ஆசிரியையை நிறுத்தி வைத்துக் கேட்டாள். உன்னிடம் சொந்தமாக என்ன இருக்கிறது? பெயர், வயது, இரண்டு செயற்கைப் பற்கள். பேச்சு இல்லை. சிரித்த அந்தக் கணவரைக் கேட்டாள், அவர் மனைவியைக் கேட்டாள், குழந்தையைக் கேட்டாள், பலகைக்காரரைக் கேட்டாள். ஒருவரிடமும் பேச்சு இல்லை. பிறகு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் சுழல் ஒன்றை எழுதி ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டாள். ஒருவர் அலமாரியிலும் அந்தக் குடை இல்லை. அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நோயாளி என்ற கிளாஸிலேயே, மருத்துவமனையின் பெயருக்கும் எண்ணுக்கும் பக்கத்தில், மீசை அதை மாட்டியிருந்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து யோசித்தாள். டோக்கனம்மாவுக்கு யாரோ ஒரு நோயாளி அதிகம் பேசுகிறார் என்று தோன்றியிருந்தால் அந்த நோயாளிக்கு மட்டும்தானே போடச் சொல்லியிருப்பார்? எல்லாருக்கும் பொதுவாக ஏன்? இன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்து பதிவு செய்தாலும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இருபது நிமிடம் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். அப்படியானால் அந்தப் பேச்சு நோயாளியுடையது இல்லை. நோயாளிகள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற எதனுடையதோ. நாற்காலி பொது, அது பேசாது. விளக்கு பொது, அதுவும் பேசாது.

"ஐயோ," என்றாள் வாய்விட்டு.

சந்தேகம் தீர, யார் எப்போது நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எப்போது எழுந்தார்கள் என்று கணினி குறித்து வைத்திருந்ததை எடுத்தாள். தையல் பிரிக்கும் இரண்டு நிமிட வேலைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தது இருபத்து மூன்று நிமிடம். முளைத்த ஒரே ஒரு பல்லைக் காட்ட வந்த குழந்தை, இருபத்தொன்று. குரலே இல்லாத பலகைக்காரர், இருபத்தாறு. மருத்துவர் தனக்கு எப்போது போன் செய்தாலும் காது சூடாகிற வரைக்கும் வைக்க மாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மதியமே டோக்கனம்மாவைப் பிடித்தாள். மருத்துவமனைக்குப் பின்புறம், தண்ணீர் வடிகட்டி இருக்கும் சின்ன அறையில்.

"அது நோயாளிங்க பேச்சு இல்ல. டாக்டர் பேச்சு. சரியா?"

டோக்கனம்மா கதவைச் சாத்தினார்.

"மெதுவாம்மா. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கேட்டேன். எல்லாரையும்."

டோக்கனம்மா வடிகட்டிமேல் சாய்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒவ்வொரு நோயாளிக்கும் பதினைந்து நிமிடம்தான் ஒதுக்குவார்கள். மருத்துவரோ உள்ளே கதை பேசிக்கொண்டிருப்பார். வெளியே கூட்டம் சேர்ந்து தினமும் சண்டை. ஒரு நாள் ஒருவர், "டாக்டர் வாயை மூடினாத்தானே நாங்க வாயைத் திறக்க முடியும்" என்று சத்தம் போட்டது மருத்துவர் காதில் விழுந்துவிட்டது. மனிதர் நொறுங்கிப்போனார். மறுநாளிலிருந்து வாயே திறக்கவில்லை.

"ஒரே வாரம்தாம்மா. நாலு பேர் கழுத்துல கட்டின துணியோட எழுந்து ஓடிட்டாங்க. டாக்டர் விரலை ஒருத்தர் கடிச்சுட்டார். டாக்டர் கைல தப்பில்ல. அவர் பேசிட்டே இருந்தா நமக்கு ஊசி எப்பப் போட்டார்னே தெரியாது. பேச்சு நின்னா, தட்டுல இருக்கற கொறடு கண்ணுக்குத் தெரியுது. அது புரியாம, என் கை போயிடுச்சு, மூடிடலாம்னு எங்கிட்ட வந்து அழுதார். நான் மீசைகிட்ட ரகசியமா சொல்லி எல்லாருக்கும் இருபது நிமிஷம் கூடுதலாப் போட வச்சேன். கூட்டம் சரியாச்சு. அவரும் தானா பேச ஆரம்பிச்சுட்டார்."

"டாக்டருக்குத் தெரியாதா?"

"தான் பேச்சைக் குறைச்சதாலதான் கூட்டம் சரியாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நினைச்சிட்டிருக்கார். தெரிஞ்சா மறுபடியும் வாயை மூடிடுவார். அதுக்கு நான் போறதே மேல். நீ சொல்லாதே."

கண்டுபிடித்த ஒன்றை வெளியே சொல்லாமல் வைத்திருப்பது குடைச்சலுக்குப் பிறவியிலேயே இல்லாத பழக்கம். சொன்னால் மருத்துவரின் பேச்சு போய்விடும், சொல்லாவிட்டால் டோக்கனம்மாவின் வேலை போய்விடும். மூன்று நாள் கையைப் பிசைந்தாள். பல்வலியும் கூடச் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை காலை கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது. கணவர் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல சீட்டு வேற ஒட்டணுமா? போய்க் காட்டு," என்றார். உண்மையைச் சொல்லத்தான் போகிறேன், பல்லைக் காட்ட இல்லை என்று உறுதியாக நினைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

"டாக்டர், அந்தப் பேச்சு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். கன்னம் அவளை முந்திக்கொண்டது.

"என்னம்மா இது! எத்தனை நாளா? வாங்க உள்ள."

"இல்ல டாக்டர், நான் வந்தது..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உக்காருங்க."

எட்டு வருடம் எட்டிப் பார்க்காத அறை. எட்டு வருடம் தொடாத நாற்காலி. அது அவளை அப்படியே மல்லாத்தியது. விளக்கு முகத்தில் விழுந்தது. மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"எனக்குப் பதினாலு வயசுல ஒரு சைக்கிள் வாங்கித் தந்தாங்க. பழைய சைக்கிள்தான். பிரேக் கிடையாது. வாயைத் திறங்க. பிரேக் இல்லாத சைக்கிள்ல மேட்டுல இருந்து இறங்கலாமா, கூடாதா? நீங்க என்ன சொல்றீங்க?"

"ஆ."

"அதான். எங்கப்பாவும் அதையேதான் சொன்னார். நான் கேட்டேனா?"

சைக்கிள் மேட்டிலிருந்து இறங்கியது. வழியில் ஒரு வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தது. ஒரு தபால்காரர் வந்தார். மருத்துவர் இடையிடையே அவள் கருத்தைக் கேட்டார். அவள் ஆ என்றாள். ஒவ்வொரு ஆவையும் அவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். சைக்கிள் செயின் கழன்றது, தபால்காரர் பை பறந்தது, ஒரு வாத்து கூடையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முடிஞ்சது. பஞ்சை அரை மணி நேரம் கடிச்சுட்டிருங்க. பேசக் கூடாது."

"ம்ம்?" என்றாள் திடுக்கிட்டு. அவர் தட்டைக் காட்டினார். அதில் அவளுடைய கடைவாய்ப்பல் கிடந்தது. எப்போது எடுத்தார்?

"செயின் கழண்ட இடத்துல," என்றார் அவர், அவள் கண்ணைப் படித்துவிட்டு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தேழு நிமிடம் ஆகியிருந்தது. அவளுக்கு ஐந்து நிமிடம்போல இருந்தது. பிறந்ததிலிருந்து இருந்த பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த நிமிடம் இந்த மனிதர்மேல் அவளுக்கு அளவில்லாத பிரியம் வந்தது. கூடவே, இவரிடம் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்ற தெம்பும் வந்தது. வாயில் பஞ்சு. மேசையில் கிடந்த மருந்துச் சீட்டை இழுத்து எழுதினாள்: "பேச்சு எந்த நோயாளியிடமும் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. இங்கே எல்லா நோயாளிக்கும் பொதுவான ஆள் யார்?"

மருத்துவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். யோசித்தார்.

"வாட்ச்மேனா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். விரலை நீட்டி அவர் மார்பைத் தொட்டாள்.

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தட்டில் கிடந்த பல்லை. கடைசியில் கதவருகே கலங்கிப்போய் நின்ற டோக்கனம்மாவை.

"எட்டு வருஷமா?"

"ஆமா டாக்டர்."

"நான் குறைச்சுக்கிட்டேன்னு நினைச்சேனே."

மருத்துவர் கையுறையைக் கழற்றி மெதுவாகத் தொட்டியில் போட்டார்.

"நீங்க எங்கயும் போக வேணாம்மா. தப்பு என்னுது. ஆனா அந்த இருபது நிமிஷத்தை இப்பவே அழிச்சிடுங்க. இனிமே நான் பேசல. அடுத்தவரை அனுப்புங்க."

குடைச்சல் வரவேற்பு மேசைக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். வேலை தப்பியது, ஆனால் பயந்ததே நடந்தும்விட்டது. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் விசைமேல் விரலை வைத்தாள். அழுத்த மனம் வரவில்லை. அடுத்த நோயாளியாக உள்ளே போனவர் பலகைக்காரர். கதவு சாத்திக்கொண்டது. காத்திருந்த ஆறு பேரும் தலையைத் தூக்கினார்கள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. தட்டில் ஏதோ உலோகம் விழும் ஓசை மட்டும் ஒருமுறை கேட்டது. ஒரு பெண் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னொருவர், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தேவிட்டார்.

கதவு திறந்தது. பலகைக்காரர் கழுத்தில் துணியோடு வெளியே வந்து டோக்கனம்மா முன்னால் நின்று எழுதினார்: "டாக்டருக்கு என்ன ஆச்சு? எனக்குப் பயமாக இருக்கிறது."

டோக்கனம்மா பலகையைப் படித்தார். பலகைக்காரர் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். பதினாலு வருடத்தில் முதல்முறையாக மருத்துவரைப் பார்த்து அதட்டினார்.

"பேசுங்க டாக்டர். நேரம் ஒதுக்கியிருக்கு."

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"எனக்குப் பதினாலு வயசுல ஒரு சைக்கிள்..."

எழுந்து நின்றவர் உட்கார்ந்தார். குடைச்சல் பஞ்சைக் கடித்தபடி விசையிலிருந்து விரலை எடுத்தாள். அழிக்கவில்லை. நோயாளி கிளாஸிலிருந்து அந்த வரியைக் கழற்றி, மருத்துவர் என்று பக்கத்தில் இருந்த கிளாஸில் மாட்டினாள். பிறகு வழக்கம்போல ஓடவிட்டு இருவரையும் கேட்டுப் பார்த்தாள். நோயாளியிடம் பேச்சு இல்லை. மருத்துவரிடம் இருந்தது.

மறுவாரம் ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் மன்னிப்போடு புதுச் சீட்டு போனது. அனுப்புவதற்கு முன் அடிவரி வரைக்கும் படித்தாள். நோயாளியோடு மருத்துவரையும் கேட்டு அடித்த அந்த வரியில் "மருத்துவர் பேச்சு: 20 நிமிடம்" என்று இருந்தது. யாரும் போன் செய்து சண்டை போடவில்லை. பலகைக்காரர் மட்டும் நேரில் வந்து, டோக்கனம்மாவிடம் பலகையைத் தூக்கிக் காட்டினார்.

"இருபது போதாது."